திராட்சைத் தோட்டமாக்கப்பட்ட முஸ்லிம் பூமி: அல்ஜீரியாவின் மதுவும் பிரான்சின் சட்டங்களும்

மதுவின் தொடர்பில் பத்துப் பேர் சபிக்கப்பட்டுள்ளனர் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பை வகுப்பில் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ள அந்த நபிமொழியில் பிழிபவர், பிழியச் செய்பவர், பருகுபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று வரிசையாகக் கூறப்பட்டிருப்பது வாசகர்கள் அறிந்ததே. அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இந்தப் பத்தில் திராட்சைக் கொடியை நட்டவர் இல்லையே?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பட்டியல் பிழிவதிலிருந்து தொடங்குகிறதே தவிர நடுவதிலிருந்து தொடங்கவில்லை. திராட்சை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்று. அதை நடுவதில் குற்றமில்லை என்று அவருக்கு விடை கூறினோம்.

ஆயினும் அந்தக் கேள்வி எளிதில் நம்மை விட்டு அகலவில்லை. கொடியை நடுவதே மதுவுக்காக என்று ஆகிவிட்ட ஒரு முஸ்லிம் நாடு நம் நினைவுக்கு வந்தது. 1960ஆம் ஆண்டில் உலகிலேயே மிக அதிகமாகத் திராட்சை மதுவை ஏற்றுமதி செய்த நாடு எது என்று கேட்டால், நம்மில் பலர் பிரான்ஸ் என்றோ இத்தாலி என்றோ கூறக்கூடும். அல்ஜீரியா என்பதே சரியான விடை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஏற்றுமதி செய்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மது அந்த ஒரு நாட்டிலிருந்து கப்பலேறியது. மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்களாக இருந்த ஒரு நாட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது? அம்மக்கள் குடிக்கப் பழகியதால் நிகழ்ந்தது அன்று. சட்டங்களால் நிகழ்ந்தது, முதலில் நிலத்தைப் பற்றிய சட்டங்கள், பின்னர் மதுவைப் பற்றிய சட்டங்கள். அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

வக்ஃபும் வாரிசுரிமையும்

1830 ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. சரணடைந்தபோது தளபதி டி போர்மோன் கையொப்பமிட்ட உடன்படிக்கையில், மக்களின் மார்க்கமும் உடைமையும் வணிகமும் தொடப்படமாட்டா என்று எழுதப்பட்டிருந்தது. அந்த மை உலர்ந்து இரண்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. செப்டம்பரில் ஓர் ஆணையும் டிசம்பரில் இன்னோர் ஆணையும் பிறப்பிக்கப்பட்டு, மக்கா, மதீனா ஆகிய இரு புனித நகரங்களுக்கென விடப்பட்டிருந்தவை உள்ளிட்ட வக்ஃபுச் சொத்துகள் பிரெஞ்சு நிர்வாகத்தின் கைக்குக் கொண்டுவரப்பட்டன. வட ஆப்பிரிக்காவில் வக்ஃபை ஹபூஸ் என்பர். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் ஏழைகளின் உணவும் அந்த வருவாயைக் கொண்டே நடந்துவந்தன. கெச்சாவா பள்ளிவாசல் 1832இல் தேவாலயமாக மாற்றப்பட்டதைப் பலரும் எழுதுகின்றனர். பள்ளிவாசலின் சுவரைக் காட்டிலும் அதற்குச் சோறு போட்ட நிலம் பறிபோனதே பெரிய இழப்பு என்பது நம் கருத்து. சுவர் 1962இல் திரும்பக் கிடைத்தது. நிலத்தின் கதை வேறாயிற்று.

வக்ஃபுச் சொத்தை விற்க இயலாது என்பது ஷரீஅத்தின் விதி. ஐரோப்பியர்கள் நிலம் வாங்கத் தொடங்கியபோது இவ்விதி அவர்களுக்கு இடையூறாக நின்றது. வாங்கிய நிலம் பிறகு வக்ஃபு என்று தெரியவந்தால் விற்பனை செல்லாமற்போகும் அல்லவா? 1844 அக்டோபர் 1ஆம் நாள் வந்த அரச ஆணை இதற்கு ஒரு வழி செய்தது. ஐரோப்பியர் ஒருவர் வாங்கிய நிலத்தை, அது வக்ஃபு என்னும் காரணத்தைக் காட்டி எவரும் திரும்பக் கோர முடியாது என்று அது கூறிற்று. வக்ஃபு என்னும் ஏற்பாட்டை அவர்கள் ஒழிக்கவில்லை. அது தங்களுக்கு எதிராகப் பேசாதபடி வாயைக் கட்டிவிட்டனர்.

அடுத்து வந்தது இதைவிட நுட்பமானது. முஸ்லிம் குடும்பங்களின் நிலங்களில் பெரும்பகுதி பாகம் பிரிக்கப்படாமல் இருந்தது. பாட்டனார் மரணித்தபின் பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் ஃபராயிள் முறைப்படி பங்கு உண்டு. ஆயினும் நிலத்தைத் துண்டாடாமல் அனைவரும் ஒன்றாக உழுது விளைச்சலைப் பகிர்ந்துகொள்வர். நம் ஊர்களிலும் மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காத வீடுகள் எத்தனையோ உள. பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால் மரணித்த ஒருவரின் பெயரையே சொல்வார்கள். ஆகவே இது வாசகர்களுக்கு விளங்காத செய்தி அன்று.

1873 ஜூலை 26இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அதைக் கொண்டுவந்த அல்ஜியர்ஸ் உறுப்பினரின் பெயரால் வார்னியே சட்டம் எனப்படுகிறது. அல்ஜீரியாவின் நிலங்கள் அனைத்தையும் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து தனிநபர் பட்டா வழங்குவது அதன் நோக்கம். பட்டா கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில், கூட்டுச் சொத்தில் நீடிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்னும் விதி உண்டு. ஒரு தரகர், ஐம்பது பங்காளிகள் உள்ள நிலத்தில் ஒரேயொரு வறிய பங்காளியின் சிறு பங்கை அற்ப விலைக்கு வாங்குவார். மறுநாளே பங்காளி என்னும் தகுதியோடு நீதிமன்றம் சென்று, பாகம் பிரிக்க வேண்டும் என்பார். ஐம்பது பேருக்குப் பிரிக்க இயலாத நிலம் என்றால் ஏலம். ஐம்பது பேருக்கும் தனித்தனியே அழைப்பாணை, முத்திரைத்தாள், வழக்குரைஞர் கட்டணம். ஏலத்தில் எடுப்பவர் பெரும்பாலும் அதே தரகரே. சில வழக்குகளில் நீதிமன்றச் செலவே நில விலையை விழுங்கிற்று. நிலத்தையும் இழந்து கடனாளியாகவும் நின்றவர்கள் உண்டு.

பங்காளிகளின் உரிமையைக் காக்க அல்லாஹ் வகுத்த பங்கீட்டு முறையை, பங்காளிகளை வெளியேற்றும் கதவாக மாற்றியது அந்தச் சட்டம். ஷரீஅத்தில் இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பங்காளி தன் பங்கை அயலாருக்கு விற்றால், அதே விலைக்கு அதைத் தாம் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை மற்றப் பங்காளிகளுக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்களில் ஷுஃப்ஆ என்னும் பாடம் இதைப் பற்றியதே. ஓதும் காலத்தில் இப்பாடம் எதற்கு என்று நமக்கே தோன்றியதுண்டு. கையில் ரொக்கம் இல்லாத ஐம்பது ஏழைகளுக்கு, அந்நிய நீதிமன்றத்தில், அந்நிய மொழியில் அந்த உரிமை என்ன பயன் தரும்?

இவற்றோடு 1871இல் ஷைகு முஹம்மது அல்முக்ரானியும் ரஹ்மானிய்யா தரீக்காவின் ஷைகு அல்ஹத்தாதும் முன்னின்ற பெரும் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், தண்டனையாக 4 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் பறிமுதல் செய்யப்பட்டது. நிலம் இவ்வாறு கைமாறி முடிந்திருந்த தறுவாயில்தான் திராட்சை வந்தது.

ஒரு பூச்சியும் ஒரு சுங்கச் சுவரும்

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்சரா என்னும் நுண்ணிய பூச்சி, தெற்குப் பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு அரிக்கத் தொடங்கியது. 1875இல் 8 கோடி ஹெக்டோலிட்டருக்கு மேல் இருந்த பிரான்சின் மது உற்பத்தி (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்), 1889இல் அதன் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிற்று. மது இன்றிச் சாப்பிட அறியாத நாடு அது. எங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும். ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வாங்கினர். கிரேக்கத்திலிருந்தும் உஸ்மானியப் பேரரசின் பகுதிகளிலிருந்தும் உலர்திராட்சையை வரவழைத்து, நீரில் ஊறவைத்து நொதிக்கச் செய்தும் விற்றனர். இந்த உலர்திராட்சை மதுவை மது என்றே பெயரிட்டு விற்கலாமா என்னும் வழக்கு எழுந்து, 1889 ஆகஸ்ட் 14இல் கிரிஃப் சட்டம் வந்தது. புதிய திராட்சையோ அதன் சாறோ நொதித்து உண்டாவது மட்டுமே ஒயின் எனப்படும் என்று அது வரையறுத்தது.

இவ்விடத்தில் சற்றே விலகி ஒன்றைக் கூற வேண்டும். எது கம்ரு, எது கம்ரு அன்று என்னும் ஆய்வு நம் இமாம்களிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. கூஃபா நகர அறிஞர்கள் கம்ரு என்னும் சொல் பச்சைத் திராட்சைச் சாறு நொதித்ததற்கே உரியது என்றனர். இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ, இமாம் அஹ்மது (ரஹ்) ஆகியோர் போதை தரும் யாவும் கம்ரே என்றனர். ஹனஃபி மத்ஹபிலும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் போதை தருவது எதுவாயினும் அதில் குறைந்த அளவும் தடையே என்று கூறியதே பிற்காலத்தில் ஃபத்வாவுக்கு ஏற்றதாயிற்று. பாரிஸின் செனட்டர்களும் கூஃபாவின் ஃபுகஹாக்களும் ஒரே கேள்வியைக் கேட்டனர் என்பது வியப்புக்குரியது. நம்மவர்கள் எதைத் தவிர்ப்பது என்று அறிவதற்காகக் கேட்டனர். அவர்கள் எதை எந்தப் பெயரில் விற்பது என்று அறிவதற்காகக் கேட்டனர்.

அல்ஜீரியாவுக்குத் திரும்புவோம். பூச்சியால் அழிந்த தெற்குப் பிரான்சின் கொடி விவசாயிகள் பலர் கடல் கடந்து வந்தனர். கையகப்பட்ட நிலம் காத்திருந்தது. அல்ஜீரிய வங்கி கடன் தந்தது. அல்ஜீரியா 1848 முதலே அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் என மூன்று பிரெஞ்சு மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டிருந்ததால், அங்கிருந்து செல்லும் மதுவுக்குச் சுங்கவரி கிடையாது. 1892இல் பிரான்ஸ் வெளிநாட்டுப் பொருள்கள்மீது சுங்கத்தை உயர்த்தியபோது ஸ்பெயின் மது தடுக்கப்பட்டது. அல்ஜீரிய மது தடையின்றிச் சென்றது. 1880ஐ ஒட்டி இருபதாயிரம் ஹெக்டேர் அளவில் இருந்த அல்ஜீரியத் திராட்சைப் பரப்பு, நூற்றாண்டு முடிவில் ஒன்றரை லட்சம் ஹெக்டேரை எட்டிற்று. அல்ஜியர்ஸை அடுத்த மித்திஜா சமவெளியும் ஓரான் மாவட்டமும் கொடிகளால் நிறைந்தன. அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள் பதினைந்து ஆண்டுகள் அந்நியரை எதிர்த்துப் போரிட்டபோது தலைநகராகக் கொண்டிருந்த மஸ்கரா, பிரெஞ்சுக் கடைகளில் ஒரு மதுவின் பெயராயிற்று.

பழங்காலந்தொட்டே அங்குள்ள முஸ்லிம்கள் திராட்சை வளர்த்தவர்கள்தாம், உண்பதற்கும் உலர்த்துவதற்கும். இப்போது அவர்களுடைய பிள்ளைகள், பாட்டனாரின் நிலமாக இருந்ததில் நாட்கூலிக்குக் கொடி கத்தரித்தனர், கூடை சுமந்தனர். மது ஆலை உரிமையாளர்களில் முஸ்லிம்கள் மிகச் சிறு பங்கினரே. கூலிகளில் அவர்களே பெரும்பாலோர்.

"அல்ஜீரியா பிரான்சுதானே!"

பிரான்சின் கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டப்பட்டு மீண்டும் தழைத்தன. அதன் பிறகு தொல்லை தொடங்கிற்று. பஞ்சத்தில் அழைத்த விருந்தாளி பஞ்சம் தீர்ந்தபின்னும் எழுந்து போகவில்லை. தெற்கில் லாங்கெடோக் பகுதியின் மது மெலிந்தது, போதை குறைந்தது. அல்ஜீரியாவின் வெயிலில் விளைந்த மது அடர்ந்தது. வணிகர்கள் இரண்டையும் கலந்து விற்றனர். சர்க்கரை சேர்த்தும் நீர் சேர்த்தும் செய்த போலிகள் மறுபுறம். விலை சரிந்தது.

1907இல் ஆர்ஜெலியே என்னும் சிற்றூரின் காப்பிக்கடைக்காரரும் சிறு விவசாயியுமான மார்செலின் அல்பேர் தலைமையில் எண்பத்தேழு பேர் நார்போன் நகருக்கு நடந்தனர். மூன்று மாதங்களில் அது வெள்ளமாயிற்று. ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டோர் திரண்டனர். பிரதமர் கிளமான்சோ படையை அனுப்பினார். ஜூன் 19, 20ஆம் நாள்களில் நார்போனில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டனர். அப்பகுதி இளைஞர்களே நிறைந்த 17ஆம் காலாட்படை கலகம் செய்து பெசியே நகருக்குள் நுழைந்தது. அப்படையினர் பின்னர் துனிசியாவின் காஃப்சா பாலைக்கு அனுப்பப்பட்டனர். தம் வீட்டுக் குற்றவாளிகளை அனுப்பவும் அவர்களுக்கு ஒரு முஸ்லிம் நாடு தேவைப்பட்டது!

ஜூன் 29இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சலையும் இருப்பையும் ஊராட்சியில் எழுதித் தர வேண்டும். மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி. போலிகள் ஓரளவு அடங்கின. ஆயினும் அல்ஜீரிய மது போலி அன்று. கிரிஃப் சட்டத்தின் வரையறைப்படி அதுவும் புதிய திராட்சையின் முறையான மதுவே. வெளிநாட்டு மதுவும் அன்று. அதை எந்தச் சட்டத்தால் தடுப்பது?

இந்த முடிச்சுதான் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வழக்கு. தெற்குப் பிரான்சின் விவசாயிகள் நாடாளுமன்றத்தில் அல்ஜீரிய மதுவுக்கு அளவு நிர்ணயிக்கக் கோரினர். அல்ஜீரியாவின் ஐரோப்பிய முதலாளிகள் ஒரே வாக்கியத்தில் மறுமொழி கூறினர்: அல்ஜீரியா பிரான்சுதானே, பிரான்சின் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்திற்குச் செல்லும் பொருளைத் தடுக்க முடியுமா? சட்டப்படி அவ்வாதம் அசைக்க முடியாதது. பீப்பாய் கடலைக் கடந்தால் அது பிரெஞ்சு மது. அந்தக் கொடியைக் கத்தரித்த முஸ்லிம் கடலைக் கடந்தாலும் அவர் முழுக் குடிமகன் ஆகமாட்டார். அதற்கு அவர் ஷரீஅத்தின் குடும்பச் சட்டத்தைக் கைவிட வேண்டும் என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனை இட்டிருந்தது. மதுவுக்குக் கிடைத்த குடியுரிமை மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது நம் பேனா சற்று நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நேரடியாகத் தடுக்க இயலாதபோது சுற்றிவளைத்துத் தடுத்தனர். 1931 ஜூலை 4இல் வந்த மதுத்துறைச் சட்டம் அல்ஜீரியாவின் பெயரைக் குறிவைக்கவில்லை; பெருந்தோட்டங்களைக் குறிவைத்தது. அதிக விளைச்சலுக்கு வரி, மிகுதியை விற்காமல் நிறுத்திவைத்தல், கட்டாயமாகக் காய்ச்சி வடித்தல், பெரிய உரிமையாளர்கள் புதுக்கொடி நடத் தடை. பெருந்தோட்டங்கள் எங்கிருந்தன? பெரும்பாலும் அல்ஜீரியாவில். ஆனால் சட்டம் வருகிறது என்று தெரிந்ததும், அது இறுகுமுன் நட்டுவிட வேண்டும் என்று அங்கே அவசரம் பிறந்தது. 1930ஐ ஒட்டி இரண்டேகால் லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த பரப்பு, சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 4 லட்சத்தை நெருங்கியது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய பாதி மதுவாயிற்று. உண்ணக் கோதுமை விளைய வேண்டிய சமவெளியில், அந்நாட்டு மக்கள் தொடாத பானம் விளைந்தது.

அதே காலத்தில் உயர்வகை மது விளையும் பகுதிகளும் தம் பெயரைக் காக்கச் சட்டம் கேட்டன. ஷாம்பெய்ன் பகுதியில் எந்த ஊர் எல்லைக்குள், எந்த ஊர் எல்லைக்கு வெளியே என்னும் தகராறில் 1911இல் கிடங்குகள் தீக்கிரையாயின. 1919, 1927, 1935 எனச் சட்டங்கள் அடுக்கடுக்காக வந்து, இன்ன ஊரின் பெயரை இன்ன ஊர்த் திராட்சைக்கே இடலாம் என்று முடிவாயிற்று. பர்கண்டி என்னும் புகழ்பெற்ற பெயரின்கீழ் அல்ஜீரிய மதுவைக் கலந்து விற்றுவந்தவர்கள் அதன் பிறகும் இருக்கவே செய்தனர் என்பது மது வணிகத்தில் அனைவரும் அறிந்த இரகசியம்.

1931 என்றதும் இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். அந்த மதுச் சட்டத்திற்கு இரண்டு மாதங்கள் முன்னர், மே 5ஆம் நாள், அல்ஜியர்ஸில் அல்ஜீரிய முஸ்லிம் உலமா சங்கம் தோன்றியது. அதன் தலைவர் ஷைகு அப்துல் ஹமீது இப்னு பாதீஸ் (ரஹ்). முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சார் தம் ஆக்கிரமிப்பின் நூற்றாண்டை ஆடம்பரமாகக் கொண்டாடியிருந்தனர். வக்ஃபு பறிபோனதால் மூடப்பட்ட மதரஸாக்களுக்கு ஈடாக, மக்கள் தரும் சில்லறைக் காசில் அரபு மொழிப் பள்ளிகளை அவர்கள் ஊர் ஊராகத் திறந்தனர். இப்னு பாதீஸ் அவர்கள் 1940இல் வஃபாத்தானார்கள், விடுதலையைக் காணவில்லை. 1954இல் போர் மூண்டபின், விடுதலை முன்னணி புகையிலையையும் மதுவையும் புறக்கணிக்குமாறு முஸ்லிம்களுக்கு ஆணையிட்டது. அதை நடைமுறைப்படுத்திய விதம் பல இடங்களில் கொடூரமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த சிக்கல்

1962 ஜூலை 5. நகரம் வீழ்ந்த அதே தேதியில், 132 ஆண்டுகளுக்குப் பின், அல்ஜீரியா விடுதலை நாளைக் கொண்டாடிற்று. ஐரோப்பியர்கள் கப்பலேறினர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஹெக்டேர் திராட்சைத் தோட்டமும், நிறைந்த மதுத் தொட்டிகளும் இருந்தன. தோட்டங்களை 1963இல் தொழிலாளர் குழுக்களிடம் அரசு ஒப்படைத்தது. அதாவது, நேற்றுவரை கூலியாக இருந்த முஸ்லிம் இன்று மது ஆலையின் நிர்வாகி. 1968இல் அரசே மது விற்பனைக்கென ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. அரசியல் சாசனத்தில் இஸ்லாமே அரசின் மார்க்கம். கருவூலத்தில் மதுவின் கிரயம்.

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். மது செய்பவர் என்று தெரிந்தே அவருக்குத் திராட்சை விற்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபில், உறுதியாகத் தெரிந்தால் அது ஹராம். ஒப்பந்தம் நிறைவேறிவிடும், பாவம் நிற்கும். ஹன்பலி மத்ஹபில் ஒப்பந்தமே செல்லாது. மாலிகி மத்ஹபிலும் அத்தகைய விற்பனை தடுக்கப்பட்டதே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், விற்கும் பொருளில் பாவம் இல்லை, அதை மாற்றுபவரின் செயலில்தான் பாவம் என்னும் அடிப்படையில் சாற்றை விற்பதற்கு இடமளித்தார்கள்; அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) அதை வெறுத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இந்த மஸ்அலா ஏட்டுச் சுரைக்காய் அன்று. இருக்கும் மதுவைக் காடியாக்கி விற்கலாமா என்றால், அதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அநாதைகளின் உடைமையாக இருந்த மதுவைப் பற்றி அபூதல்ஹா (ரலி) அவர்கள் வினவியபோது அதைக் கொட்டிவிடுமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்னும் அறிவிப்பைக் கொண்டு, ஏதேனும் சேர்த்துக் காடியாக்குவது கூடாது என்பர் ஷாஃபிஈ அறிஞர்கள். ஹனஃபி அறிஞர்கள் அதை அனுமதிப்பர்.

ஆனால் ஒரு தோட்டம், ஒரு குடம் என்று எழுதப்பட்ட இச்சட்டங்களுக்கு முன்னால், ஒரு நாட்டின் பாதி ஏற்றுமதியும் லட்சக்கணக்கானோரின் கூலியும் வந்து நின்றபோது என்ன செய்வது? கோதுமைக்கு வேண்டிய ஆட்களைவிடத் திராட்சைக்கு வேண்டிய ஆட்கள் பன்மடங்கு. கொடியைப் பிடுங்கினால் கூலி போகும். பிடுங்காவிட்டால் பத்துப் பேரில் ஒருவராக அரசே நிற்கும். "அவர்கள் உடனே அழித்திருக்க வேண்டும்" என்று இங்கே விசிறிக்குக் கீழ் அமர்ந்து தீர்ப்பளிப்பது நமக்கு எளிது. நாம் அவ்வாறு தீர்ப்பளிக்கத் துணியவில்லை.

அவர்களுக்கு அந்த முடிவை எளிதாக்கியதும் பிரான்சின் சட்டம்தான். விடுதலைக்குப் பின் அல்ஜீரிய மது திடீரென்று வெளிநாட்டு மதுவாகிவிட்டது. "அல்ஜீரியா பிரான்சுதானே" என்னும் வாதம் ஒரே நாளில் இறந்தது. குறிப்பிட்ட அளவு வாங்கிக்கொள்வதாக 1964இல் பிரான்ஸ் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. தெற்கு விவசாயிகளின் எதிர்ப்பால் அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையில் அல்ஜீரியாவின் பெயர் பிரான்சோடு சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. அதே சமூகம் 1970 ஏப்ரலில் மதுவுக்கான பொது ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டு மதுவை ஐரோப்பிய மதுவோடு கலப்பதைத் தடைசெய்தது. அல்ஜீரிய மதுவின் பயனே கலப்பதுதான். அந்த ஒரு விதியோடு அதன் சந்தை முடிந்தது. சோவியத் ஒன்றியம் வாங்க முன்வந்தது, மிகக் குறைந்த விலைக்கு.

1971 பிப்ரவரி 24இல் ஜனாதிபதி பூமதீன் எண்ணெய், எரிவாயுத் துறையைத் தேசியமயமாக்கினார். இரு நாடுகளின் உறவு மேலும் கசந்தது. அதே ஆண்டிலிருந்து கொடிகளைப் பிடுங்கும் திட்டம் வேகம் பெற்றது. மார்க்கத்தின் காரணமும் கூறப்பட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய அடிமைத்தனத்தை முடிக்க வேண்டும் என்னும் காரணமும் கூறப்பட்டது. எது முதல், எது இரண்டாவது என்பதை உள்ளங்களை அறிந்தவன் அறிவான். சமவெளிகளில் கோதுமையும் காய்கறியும் வந்தன. சரிவான குன்றுகளில் கொடியைத் தவிர வேறொன்றும் சரியாக விளையவில்லை; அங்கிருந்த கூலிகள் பலர் நகரங்களுக்கும், கடல் கடந்து பிரான்சுக்கும் வேலை தேடிச் சென்றனர்.

எல்லாக் கொடியும் பிடுங்கப்படவில்லை. 1976 ஏப்ரலில் அல்ஜீரியாவும் ஐரோப்பியச் சமூகமும் கையெழுத்திட்ட ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில், ஊர்ப்பெயருக்குரிய பாதுகாப்போடு ஐரோப்பாவுக்குள் வரத்தக்க அல்ஜீரிய மதுவகைகளின் சிறு பட்டியல் ஒன்று உண்டு. மதியா, தஹ்ரா, தில்மசான் என்று செல்லும் அந்தப் பட்டியலில் மஸ்கராவின் குன்றுகளும் இருக்கின்றன. அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களின் ஜனாஸா எச்சங்கள் டமாஸ்கஸிலிருந்து தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு அதற்குள் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகியிருந்தன.